இட்லிப் பொடிக்கு எந்த ஃபான்ட்?

கேள்வி: வணக்கம் சார். திருப்பூரில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறேன். முறையாகப் படித்ததில்லை, யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். இப்போது கையில் மூன்று வேலைகள். ஓர் அக்கா வீட்டில் அரைத்து விற்கும் பொடிகளுக்கு லேபிள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் அப்பாவைப் பற்றி எழுதிய புத்தகம், ஒரு பல் மருத்துவமனைக்கு போர்டு. மூன்றிலும் ஃபான்ட்டில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கம்ப்யூட்டரில் ஆயிரத்துக்கு மேல் தமிழ் ஃபான்ட் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதிலேயே அரை நாள் போய்விடுகிறது. கடைசியில் எனக்குப் பிடித்ததைப் போட்டால், "வேற ஃபான்ட் காட்டுங்க" என்கிறார்கள். அனுபவமுள்ள டிசைனர்கள் எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்? காசு கொடுத்து ஃபான்ட் வாங்க வேண்டுமா?
ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வணக்கம். ஆயிரம் ஃபான்ட்டையும் போட்டுப் பார்க்கிற டிசைனரை நான் இதுவரை சந்தித்ததில்லை. தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறோமே தவிர, வேலையில் நடப்பது கழித்துக்கட்டுவதுதான். மேட்டர், அதாவது அச்சாக வேண்டிய வாசகம் என்ன, எந்த அளவில் வருகிறது, எதன்மேல் அச்சாகிறது, அதை யார் எங்கே நின்று படிக்கப்போகிறார்கள். இது தெரிந்துவிட்டால் உங்கள் ஆயிரத்தில் பெரும்பகுதி தானாக விழுந்துவிடும். மிஞ்சும் நாலைந்தில்தான் அழகு, பழமை, புதுமை, உங்கள் ரசனை எல்லாம் வரும். நீங்கள் ரசனையில் தொடங்கிப் பின்னால் போகிறீர்கள். அதனால்தான் அரை நாள் ஆகிறது, அப்புறமும் நிம்மதி வருவதில்லை.

பொதுவாகப் பேசினால் பிரயோஜனமில்லை. உங்கள் மூன்று வேலைகளையே எடுத்துக்கொள்வோம்.

பொடி லேபிள். முதலில் அந்த அக்காவிடம் மேட்டர் முழுவதையும் வாங்குங்கள். பெயர், சேர்மானங்கள், நிகர எடை, விலை, உரிம எண், முகவரி, பயன்படுத்தும் முறை எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் ஃபான்ட் மெனுவைத் திறக்க வேண்டும். 'இட்லிப் பொடி' என்ற பெயரை மட்டும் வைத்து ஃபான்ட் முடிவுசெய்துவிட்டு, பின்னால் வரும் இருபது வரியை எப்படி அடைப்பது என்று விழிப்பவர்கள்தான் அதிகம்.

அந்த இரண்டு சொல்லையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இ, ட், லி, ப், பொ, டி. இரண்டு புள்ளி, மேலே வளையும் இரண்டு இகரக் கொம்பு, முன்னும் பின்னும் குறி ஏந்திய ஒரு 'பொ'. நல்ல தடிமனான ஃபான்ட்டில் 'ட்'டின் புள்ளி பக்கத்து 'லி'யின் வளைவில் போய் இடிக்கும். ஒடுக்கமான ஃபான்ட்டில் 'ப'வும் 'ட'வும் ஒன்றுபோல் தெரியும், ஏனென்றால் இரண்டுக்கும் வித்தியாசம் வலப்பக்கத்துக் கோடு ஒன்றுதான். அடுத்து அந்த அக்கா 'காரப் பொடி' என்று ஒன்று கொண்டுவருவார். அதில் துணைக்காலும் 'ர'வும் அடுத்தடுத்து நிற்கின்றன. 'ர'வின் கீழ்க்கோட்டைச் சிறிதாக வரைந்த ஃபான்ட்டில் அது இரண்டு துணைக்கால் மாதிரி இருக்கும். 'எள்ளுப் பொடி' வந்தால் 'எ'வும் 'ஏ'வும் தெளிவாகப் பிரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். 'அஆஇஈ' வரிசையை அடித்து ஃபான்ட்டைச் சோதிப்பது வீண்வேலை. விற்கப்போகிற பொருள்களின் பெயர்களை அத்தனையும் அடித்துப் பாருங்கள். அந்த வரிசையில் 'ஸ்ரீ'யும் ₹ குறியும் 0 முதல் 9 வரை எண்களும் கட்டாயம் இருக்கட்டும். ₹ குறி 2010ல்தான் வந்தது. அதற்கு முன் செய்த ஃபான்ட் பலவற்றில் அது கிடையாது. அங்கே கணினி வேறொரு ஃபான்ட்டிலிருந்து ₹ஐ எடுத்துப் போட்டுவிடும், விலை மட்டும் ஒட்டாமல் தனியாக நிற்கும்.

அடுத்து, சிறிய எழுத்து. பாக்கெட்டில் வரும் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழை அதோடு கூடுதலாகப் போடலாம், போடவும் வேண்டும். நிகர எடை, விலை போன்றவற்றின் எழுத்து உயரத்துக்கும் குறைந்தபட்ச அளவு உண்டு. லேஅவுட் தொடங்குமுன் அந்த விதிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆகவே இது எப்படியும் இருமொழி வேலை. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரையப்பட்ட குடும்பமாகப் பார்த்து எடுத்தால் பாதித் தலைவலி குறையும். முக்த மலர், ஹிந்த் மதுரை, கேடமரன், அனெக் தமிழ் எல்லாம் அப்படிப்பட்டவை. தமிழை ஓரிடத்திலும் ஆங்கிலத்தை வேறோரிடத்திலும் எடுத்தால் இரண்டையும் ஒரே பாயின்ட் அளவில் வைக்காதீர்கள். தமிழ் 'ப'வின் உயரம் ஆங்கிலச் சிற்றெழுத்துக்கும் பேரெழுத்துக்கும் நடுவில் எங்காவது நிற்கும்படி அளவைக் கூட்டிக் குறையுங்கள். கோட்டின் தடிமனையும் பாருங்கள். தமிழ் மெலிந்தும் ஆங்கிலம் தடித்தும் இருந்தால் அது தவறுதலாக நடந்த மாதிரியே தெரியும். ஆங்கிலத்தை முழுக்கப் பேரெழுத்தில் போட்டால் பக்கத்தில் தமிழ் அடங்கிப்போகும். தமிழில் பேரெழுத்தே இல்லையே, அந்தச் சத்தத்துக்கு ஈடுகொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை.

லேபிளில் இடம் போதாதபோது பலரும் செய்வது, எழுத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் நசுக்குவது. எழுபது சதவீதத்துக்கு நசுக்கினால் செங்குத்துக் கோடுகள் மட்டும் மெலியும், படுக்கைக் கோடுகள் பழையபடி தடியாக நிற்கும். 'ண', 'ஞ', 'ஊ' எல்லாம் உள்ளே அடைத்துக்கொள்ளும். அனெக் தமிழை எக் டைப் என்ற மும்பைக் குழு செய்தது. அதில் ஒடுக்கம் முதல் அகலம் வரை பல நிலைகளை முறையாக வரைந்தே வைத்திருக்கிறார்கள். ஒடுக்கமான எழுத்து தேவையென்றால் அப்படிப்பட்ட ஒன்றை எடுங்கள். அதே மாதிரி, ஒரே தடிமன் மட்டும் உள்ள ஃபான்ட்டுக்கு மென்பொருளின் 'பி' பொத்தானை அழுத்தி போல்டு ஆக்காதீர்கள். அது எழுத்தைச் சுற்றிலும் மை பூசுகிற வேலை. புள்ளிகள் வீங்கும், சுழிகள் மூடும். பவனம், மீரா இனிமை இரண்டும் அழகானவை, ஆனால் ஒற்றைத் தடிமன். சேர்மானப் பட்டியலில் தலைப்பையும் உள்ளடக்கத்தையும் தடிமனால் பிரிக்க வேண்டுமென்றால் அவை உதவாது. கேடமரனில் ஒன்பது தடிமன் இருக்கிறது, முக்த மலரில் ஏழு.

சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டும் என்று அந்த அக்கா கேட்பார் என்று நினைக்கிறேன். பொடி என்றாலே எல்லோரும் கேட்பார்கள். நாலு கலரில் அச்சாகும்போது ஒரு கலர் இம்மி விலகினாலும் வெள்ளைக் கோட்டுக்குள் மை ஏறும். முதலில் காணாமல் போவது புள்ளிதான். அதனால் வெள்ளையில் வரும் சின்ன எழுத்துக்கு ஒரு படி தடிமன் கூட்டுங்கள், எழுத்துகளுக்கிடையே துளி இடைவெளியும் கூட்டுங்கள். துளிதான். தாராளமாகக் கூட்டினால் 'பொ'வின் கொம்பும் காலும் 'ப'வை விட்டுத் தனித்தனியாக நின்றுவிடும்.

இத்தனையும் முடிந்த பிறகு பெயருக்கான பெரிய எழுத்துக்கு வாருங்கள். வீட்டுப் பொடி என்பதால் உருண்டையான, தடித்த எழுத்து இயல்பாகவே மனதில் வரும். பலூ தம்பி அதற்குத் தோதானதுதான். ஆனால் இப்போது தின்பண்டம் என்றாலே பலூ தம்பி என்றாகிவிட்டது. அந்த அக்கா எந்தக் கடைகளில் வைக்கப்போகிறார் என்று கேட்டு, அந்த அலமாரியைப் போய்ப் பாருங்கள். பக்கத்தில் இருப்பதெல்லாம் உருண்டை என்றால் உங்களுடையது நேர்க்கோடாக இருக்கட்டும். ஒரே ஒரு பெயர்தானே, கையால் எழுதி வரைந்துவிடுவதும் நல்ல யோசனை. பெயரைக் கையால் வரைந்து, மற்றதையெல்லாம் அமைதியான ஒரு ஃபான்ட்டில் விட்ட லேபிள்கள் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

புத்தகத்துக்கு வருவோம். இங்கே ஃபான்ட்டைத் தொடுமுன் ஒரு கேள்வி: ஆசிரியர் மேட்டரை எதில் அடித்துக் கொடுத்திருக்கிறார்? பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் என்றால், அந்தக் கோப்பில் இருப்பது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த ஏற்பாடு அது. ஃபான்ட்டை மாற்றினால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்துக்கே தனிக் குறியீடு உள்ள முறைக்கு மாற்றுங்கள், மாற்றியதும் ஒருமுறை முழுதாகப் புரூஃப் பாருங்கள். 'கௌ' வர வேண்டிய இடத்தில் கொம்பும் 'ள'வும் சேர்ந்து 'கெள' என்று வருவது, துணைக்காலும் 'ர'வும் இடம் மாறுவது எல்லாம் இந்த வழியில் நுழைபவைதான். பிறகு பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பாராகிராஃப் அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இது இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். "இந்த ஃபான்ட் சரியில்லை" என்று ஒதுக்கப்படும் யூனிகோட் ஃபான்ட்களில் பல இந்த ஒரு அமைப்பு இல்லாததால் பழி சுமப்பவை.

புத்தகம் என்றால் உள்பக்க எழுத்துதான் எல்லாமும். அட்டையை யாரும் இருநூறு பக்கம் படிக்கப்போவதில்லை. கோட்டில் தடிப்பும் மெலிவும் மாறிமாறி வரும் எழுத்தை நான் விரும்புவேன். ஒரே தடிமனாக ஓடும் எழுத்து போர்டுக்கும் திரைக்கும் நல்லது, பத்துப் பக்கம் தொடர்ந்து படித்தால் எனக்குக் கண் சலிக்கிறது. டிரோ தமிழ் புத்தக வாசிப்பை மனதில் வைத்துச் செய்தது. நோட்டோ செரிஃப் தமிழும் இருக்கிறது, அதில் தடிமன்கள் நிறைய உண்டு. விண்டோஸில் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் லதாவில் புத்தகம் போடாதீர்கள். புத்தகம் டெமி அளவென்றால் 11 அல்லது 12 பாயின்ட்டில் தொடங்கி, வரி இடைவெளி 16, 17 என்று போய்ப் பாருங்கள். தமிழில் 'கீ' மேலே ஏறும், 'கூ' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் பழகிய இடைவெளி இதற்குப் போதாது, மேல்வரியின் சுழி கீழ்வரியின் கொம்பில் தட்டும்.

இந்த அளவுக் கணக்கு தமிழ் அச்சுக்குப் புதிதல்ல. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. அவை பெரிதாக இருந்ததால் தாள் ஏகத்துக்குச் செலவானது. அங்கிருந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவின் அச்சகத்தார் உள்ளூரிலேயே சிறிய எழுத்தை வார்த்து, 1715ல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். அதற்கான ஈயம், இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களை உருக்கி எடுத்தது என்று சொல்வார்கள். உங்கள் ஆசிரியரிடமும் பக்கக் கணக்கைப் பேசுங்கள். ஃபான்ட்டையும் அரை பாயின்ட்டையும் மாற்றினாலே இருநூறு பக்கம் நூற்றெழுபது ஆகிவிடும், அச்சுச் செலவு குறையும். ஆனால் படிக்கப்போகிறவர்கள் அவர் வயதுக்காரர்கள் என்றால் அந்த மிச்சம் வேண்டாம்.

வரிகளை இருபக்கமும் சமமாக நிறுத்தும்போது தமிழின் நீளமான சொற்கள் தொல்லை கொடுக்கும். 'பேசிக்கொண்டிருந்தார்களென்று' மாதிரி ஒன்று வரி ஓரத்தில் மாட்டினால் மேல்வரியில் சொற்களுக்கிடையே ஓட்டை விழும். சொல்லை உடைக்கலாம், தமிழ்ப் புத்தகங்களில் அது காலங்காலமாக நடப்பதுதான். அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ஒடுக்கமான ஃபான்ட் எடுத்தாலே இந்தப் பிரச்சினை பாதி தீரும். புத்தக ஃபான்ட்டைத் தேர்வுசெய்யும்போது எழுத்தின் அகலத்தையும் நான் பார்ப்பது இதனால்தான்.

பழைய தோற்றம் வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் துதிக்கை போல் வளைந்த 'லை', 'னை' உள்ள ஃபான்ட் கிடைக்கிறதா என்று தேடுங்கள். அத்தியாயத் தலைப்புகளில் அது அழகாக இருக்கும். உள்பக்கம் முழுக்க வேண்டாம், பேரப்பிள்ளைகள் தடுமாறுவார்கள். பூவேலை செய்த அலங்கார எழுத்தைப் பழமை என்று நினைத்துப் போடுகிறவர்கள் உண்டு. அப்பாவின் வாழ்க்கைக் கதைக்குக் கல்யாணப் பட்டுச் சேலை கட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

தேர்வு முடிந்ததும் இரண்டு ஃபான்ட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம், அச்சாகப்போகும் அதே தாளில் எடுத்து ஆசிரியர் கையில் கொடுங்கள். திரையில் காட்டாதீர்கள். மேப்லித்தோ என்னும் வெள்ளைத் தாளில் ஒரு விதமாகவும் இளமஞ்சள் தாளில் வேறு விதமாகவும் அதே எழுத்து தெரியும்.

பல் மருத்துவமனை போர்டில் நீங்கள் இழுத்துப் பிடித்து யோசிக்க அதிகமில்லை. தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக வர வேண்டும். மற்ற மொழியும் சேர்ந்தால் தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்பது விதி. இடம் அதிலேயே பாதி முடிவாகிவிடும். பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது போர்டு தொழிலில் சொல்லும் கணக்கு. அது ஆங்கிலத்துக்குப் பொருந்தும், தமிழுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டுவேன். அப்புறம் எப்படிச் செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள். ஃப்ளெக்ஸ் என்றால் எந்த ஃபான்ட்டும் ஓடும். அக்ரிலிக்கை வெட்டி உள்ளே எல்இடி வைப்பதென்றால் மெல்லிய கோட்டுக்குள் விளக்கு உட்காராது, ஒரே சீரான தடிமன் வேண்டும். புள்ளி ஒவ்வொன்றும் தனித் துண்டு, அதற்குத் தனியாக ஒயர் போக வேண்டும், தனியாக ஒட்ட வேண்டும். ஒட்டு விட்டு 'பல்'லின் புள்ளி விழுந்தால் அது 'பல மருத்துவமனை' ஆகிவிடும். பெரிய, வட்டமான புள்ளி உள்ள ஃபான்ட்டாகப் பாருங்கள், போர்டு செய்கிறவரிடம் முன்னாலேயே காட்டிவிடுங்கள். கோப்பை அனுப்புமுன் எழுத்தை ஃபான்ட் தேவைப்படாத வெறும் வெளிக்கோடாக (அவுட்லைன்) மாற்றிவிடுங்கள். அவர்களிடம் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளின் பழைய பதிப்பு இருந்தால் யூனிகோட் தமிழ் சிதறிப்போகும்.

"வேற ஃபான்ட் காட்டுங்க" என்பதற்கு வருகிறேன். நீங்கள் ஃபான்ட்டைக் காட்டுவதால்தான் அவர்கள் ஃபான்ட்டைக் கேட்கிறார்கள். பாக்கெட்டைக் காட்டுங்கள். லேபிளை அதே அளவில் அச்சடித்து, ஒரு டப்பாவில் ஒட்டி, இரண்டு மாதிரி மட்டும் கொண்டுபோங்கள். "இது தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியும், இதில் சேர்மானம் நன்றாகப் படிக்க வரும்" என்று காரணத்தோடு வையுங்கள். பேச்சு அப்போது டப்பாவைப் பற்றியதாக மாறும். அப்படியும் வேறு கேட்டால், எது உறுத்துகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் உறுத்துவது ஃபான்ட்டாக இருக்காது. அளவு சிறியது என்பார்கள், கலர் மங்கல் என்பார்கள்.

ஆயிரம் ஃபான்ட்டை என்ன செய்வது? தனி ஃபோல்டரில் தள்ளிவிட்டு, வேலைக்கென்று பத்துப் பதினைந்து வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிற எழுத்தில் நாலைந்து, தலைப்புக்கு ஐந்தாறு, கவிவனார் மாதிரி கையெழுத்துச் சாயலில் இரண்டு போதும். ஒவ்வொன்றிலும் பத்து வேலை செய்த பிறகு அதன் 'ழ' எப்படி இறங்கும், எந்த அளவில் புள்ளி மூடும் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிடும். நாங்கள் வேகமாகத் தேர்ந்தெடுப்பதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் பழையது ஒன்றை வெளியே எடுங்கள்.

கடைசியாக, காசு. மேலே நான் பெயர் சொன்ன தமிழ் ஃபான்ட்களில் லதாவையும் பாமினியையும் தவிர மற்றவை எல்லாம் திறந்த உரிமத்தில் கூகுள் ஃபான்ட்ஸில் கிடைப்பவை. லேபிளிலும் புத்தகத்திலும் போர்டிலும் காசில்லாமல் போடலாம், ஃபான்ட் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது. உங்கள் மூன்று வேலைக்கும் வாங்க வேண்டிய அவசியமில்லை. அந்த ஆயிரத்தில் மீதி எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கவலை. பென்டிரைவில் கைமாறி வந்தவை என்றால், உரிமம் என்னவென்று தெரியாத எதையும் விற்பனைக்குப் போகும் பொருளில் போடாதீர்கள். 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று எழுதியிருந்தால் பொடி பாக்கெட் அதில் சேராது. அந்த அக்காவின் வியாபாரம் வளர்ந்த பிறகு ஃபான்ட் செய்தவர் கேட்டால், பதில் சொல்ல வேண்டியது அவராக இருக்கும். அவர் உங்களைத்தான் தேடி வருவார். நாளைக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்று அமைந்தால், விலையை உங்கள் கூலியில் கலக்காமல் பில்லில் தனி வரியாகப் போட்டு, உரிமத்தைக் கிளையன்ட்டின் பெயரிலேயே வாங்கிக் கொடுங்கள்.